கை மரத்துப்போனால் எந்த விரல் என்று பாருங்கள்

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தினமும் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடுகிறவர்களுக்கு இது பழக்கமான தொல்லைதான். நள்ளிரவில் கை மரத்து, எறும்பு ஊர்வதுபோல் விழிப்பு வரும். நாலு உதறு உதறினால் சரியாகிவிடும். எனக்கும் வந்தது. வாயு என்றார் அம்மா. பூண்டு தின்றதுதான் மிச்சம்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்தால், பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. கார்ப்பல் டனல் என்பார்கள். அந்தக் குறுகிய சந்துக்குள் 9 தசைநாண்களோடு இடித்துக்கொண்டுதான் அந்த நரம்பும் போகிறது. சுண்டுவிரல் பக்கம் என்றால் சங்கதி வேறு. முழங்கையைக் கதவில் இடித்தால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. முழங்கையை மடக்கி அதன்மேல் படுக்காதீர்கள். ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் மடங்காது.

மணிக்கட்டுக்கு, மெடிக்கல் ஷாப்பில் உள்ளே தகடு வைத்த ஸ்ப்ளின்ட் (மணிக்கட்டை மடங்காமல் பிடிக்கும் பட்டை) கேளுங்கள். வெறும் எலாஸ்டிக் பட்டை போதாது. இரவில் போட்டால் போதும், தூக்கத்தில்தான் மணிக்கட்டை நம்மை அறியாமல் மடக்கிக்கொள்கிறோம். தகடு பல சமயம் மேல்நோக்கி வளைந்திருக்கும்; உருவி, கை நேராக இருக்கும்படி நிமிர்த்திப் போடுங்கள். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. சில வாரம் பொறுக்க வேண்டும்.

சர்க்கரை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, காபி டம்ளர் கையிலிருந்து நழுவினாலோ ஸ்ப்ளின்ட்டை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போங்கள். அப்புறம், திடீரென ஒரு பக்கக் கை தொய்ந்து பேச்சும் குழறினால் அது பக்கவாதம், உடனே 108.