பிடி பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு: பொறி வைப்பது முதல் மார் (அறுவடை முடிந்த பருத்திச் செடி) பிடுங்குவது வரை

ஆவணி, புரட்டாசியில் இறவைப் பருத்தி போட்டவர்களுக்கான செய்முறை இது. நிலம் தயாரிப்பு, பார் பிடிப்பு, அடியுரம் எல்லாம் வழக்கம்போலத்தான் என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிடி (Bt) விதை, அதாவது புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு சேர்த்த விதை, பச்சைக் காய்ப்புழுவையும் புள்ளிக் காய்ப்புழுவையும் இன்றும் நன்றாகவே தடுக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை இப்போது தடுப்பதில்லை. 2002-இல் வந்த ஒற்றை மரபணுப் பருத்தியை அது குஜராத்தில் 2010-க்குள் வென்றுவிட்டது. 2006-இல் வந்த இரட்டை மரபணுப் பருத்தியும் அடுத்த சில ஆண்டுகளில் தோற்றது. இந்தப் புழு ஏறக்குறைய பருத்தியை மட்டுமே தின்று வாழ்வது ஒரு காரணம். நம் பிடி விதைகள் ஹைப்ரிட் (இரு ரகங்களைக் கலந்த வீரிய ஒட்டு) என்பது இன்னொன்று. ஹைப்ரிட் செடியின் காய்க்குள் எல்லா விதையும் நச்சைச் சுமப்பதில்லை. ஒற்றை மரபணு என்றால் நான்கு விதையில் ஒன்று வெறும் விதை. ஒரே காய்க்குள் நச்சுள்ளதும் இல்லாததும் கலந்து கிடந்தால் புழு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும்.

விதைக்கும்போது

150 முதல் 160 நாளில் முடியும் குறுகிய வயது ஹைப்ரிட்டை எடுங்கள். 180 நாள் தாண்டும் ரகம் எவ்வளவு காய்த்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி இரண்டு மாதக் காய் புழுவுக்குத்தான் போகும். 475 கிராம் பைக்குள்ளேயே 5 முதல் 10 சதவீதம் பிடி அல்லாத விதை கலந்திருக்கும். அதைப் பொறுக்கி எடுக்காதீர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் பச்சைப் புழு தெரிந்தால் அது அந்தக் கலப்பு விதையாக இருக்கலாம். அதற்காக வயல் முழுக்க மருந்து அடிக்க வேண்டாம்.

வரப்பில் தட்டைப்பயறு போடுங்கள். அதில் வரும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டு சேரும். வெண்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். வரப்புத் துத்தியையும் பிடுங்குங்கள், இரண்டிலும் இந்தப் புழு தங்கும்.

முதல் 60 நாள்

இது தத்துப்பூச்சி, இலைப்பேன் காலம். விதையிலேயே பூச்சிமருந்து பூசி வருவதால் தொடக்கத்தில் எதுவும் அடிக்கத் தேவையில்லை. பிறகு இலைக்கு இரண்டு தத்துப்பூச்சிக் குஞ்சு தாண்டினால் மட்டும் ஃப்ளோனிகாமிட் 50 டபிள்யூஜி, ஏக்கருக்கு 60 கிராம். மோனோகுரோட்டோபாஸ், அசிபேட் வேண்டாம். செடி தழைத்து, பூப்பது தள்ளிப்போய், பயிரின் வயது நீளும்.

45-ஆம் நாள்: பொறி

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறி. செடியின் நுனிக்கு ஓர் அடி மேலே இருக்கட்டும். செடி வளர வளரப் பொறியையும் ஏற்றுங்கள். டெல்டா ஒட்டுப்பொறியைவிடப் பாலிதீன் பை தொங்கும் புனல் பொறிதான் என் தேர்வு. ஐப்பசி மழையில் ஒட்டுத்தாள் நாலு நாளில் வீணாகிவிடும். புனல் பொறியில் கவனிக்க வேண்டியது எறும்பு. குச்சியில் கிரீஸ் தடவாவிட்டால் விழுந்த அந்துப்பூச்சியை எறும்பு தூக்கிப்போய்விடும், காலையில் பை வெறுமையாக இருக்கும், நீங்களும் பூச்சியே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். லூரை (பொறிக்குள் வைக்கும் வாசனை வில்லை) 21 முதல் 30 நாளுக்குள் மாற்றுங்கள். தினமும் காலையில் எண்ணி, கொட்டி, எழுதி வையுங்கள். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால் நடவடிக்கைக்கு நேரம் வந்துவிட்டது.

பூ

விரியாமல் இதழ்கள் நூலால் பின்னிச் சுருண்டு நிற்கும் பூவைக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். வாரம் ஒருமுறை 100 பூ பார்த்து, 10 அப்படி இருந்தால் மருந்து அடிக்க வேண்டிய எல்லை தாண்டிவிட்டது. அப்பூக்களைப் பறித்து வயலிலேயே போடாமல் வெளியே கொண்டுபோய் அழியுங்கள்.

காய் உடைத்துப் பார்ப்பது

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். முட்டையிலிருந்து வந்த புழு மயிரிழை அளவில் துளைத்து உள்ளே போகிறது. காய் வளரும்போது அந்தத் துளை மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் பச்சைப்பசேலென்று குறையே இல்லாத காய். வெளியே உருண்டையான ஓட்டை தெரிகிறதென்றால் புழு தின்று முடித்து வெளியேறிவிட்டது, அதற்குப் பிறகு அந்தக் காய்க்குச் செய்ய ஒன்றுமில்லை.

அதனால் வாரம் ஒருமுறை வயலைக் குறுக்காக நடந்து, செடிக்கு ஒன்றாக ஏக்கருக்கு 20 காய் பறியுங்கள். பூத்து 14 முதல் 20 நாளான காய், விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். முற்றிய காயை எடுத்தால் கணக்கு தப்பும். கத்தியால் வெட்டாதீர்கள், சின்னப் புழு நசுங்கி அடையாளம் போய்விடும். இரண்டு கட்டைவிரலையும் தையல் கோட்டில் வைத்துப் பிளந்து, அறை அறையாகப் பிரியுங்கள்.

இளஞ்சிவப்பைத் தேடாதீர்கள். புழுவுக்கு அந்த நிறம் கடைசிப் பருவத்தில்தான் வரும். இளம் புழு வெள்ளை; தலை மட்டும் பழுப்பு. புழு கண்ணில் படாவிட்டாலும் காய்த்தோலின் உள்பக்கத்தைப் பாருங்கள். வழவழப்பான தோலில் சிறு பரு போல முண்டு எழுந்திருந்தாலோ, மெல்லிய கோடு போல வளைந்த பாதை ஓடினாலோ புழு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. 20-இல் 2 காயில் இப்படி இருந்தால் மருந்து.

மருந்து

காய்க்குள் போன புழுவை எந்த மருந்தும் தொடாது. நாம் குறிவைப்பது அந்துப்பூச்சி, முட்டை, இன்னும் உள்ளே போகாத குஞ்சுப்புழு மூன்றையும்தான். அதனால் மாலையில் அடியுங்கள். 10 லிட்டர் டேங்குக்கு:

- எண்ணிக்கை எல்லையைத் தொடும் முன்: 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு
- 60 முதல் 90 நாள்: தயோடிகார்ப் 75 டபிள்யூபி 20 கிராம், அல்லது புரோஃபெனோபாஸ் 50 ஈசி 20 மி.லி.
- அடுத்த முறை மாற்றி: எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 5 கிராம்
- 120 நாளுக்குப் பிறகு மட்டும்: ஃபென்வலரேட் 20 ஈசி 10 மி.லி.

கடைசியில் சொன்ன பைரித்ராய்டு வகையை முன்கூட்டியே அடித்தால் வெள்ளை ஈ கிளம்பிவிடும். இரண்டு மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலக்காதீர்கள். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த வயலில் மருந்து முகத்தில்தான் படும். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் யாரையும் வயலுக்குள் அனுப்பாதீர்கள்.

முடிப்பது

தை மாதத்தோடு பயிரை முடியுங்கள். விலை நன்றாக இருக்கிறதென்று தண்ணீர் கட்டி மறுதாம்பு (பழைய செடியையே மீண்டும் காய்க்க வைப்பது) விட்டால், மாசியில் பக்கத்து வயலில் போடும் கோடை இறவைப் பருத்திக்கு நம் வயல்தான் பூச்சி அனுப்பும். கடைசி எடுப்பு முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுங்கள். மிச்சக் காயையும் சப்பையையும் (பூ மொட்டு) ஆடுகள் தின்றுவிடும். பிறகு மாரைப் பிடுங்கித் தூளாக்கி மக்கவிடுங்கள், ஆழமாகக் கோடை உழவு ஓட்டுங்கள். அடுப்புக்கென்று மாரை வீட்டோரம் அடுக்கி வைத்தால் காய்ந்த காய்க்குள் இரண்டு விதையைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு புழு மாதக்கணக்கில் உறங்கும். புழு தின்ற கொட்டு ரகத்தையும் நல்ல பஞ்சோடு கலக்காமல் தனியாக எடுத்து உடனே விற்றுவிடுங்கள்.

சேர்ப்பு: “பொறியில் ஒன்றுமே விழவில்லை, ஆனால் காயில் புழு இருக்கிறது” என்று கேட்பவர்கள் லூர் உறையைப் பாருங்கள். பச்சைக் காய்ப்புழு லூருக்கு இந்த அந்துப்பூச்சி வராது. கடையில் “காய்ப்புழு லூர்” என்று மட்டும் கேட்டால் எதையும் கொடுப்பார்கள், “இளஞ்சிவப்புக் காய்ப்புழு, காசிப்லூர்” என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வகை லூரைத் தொட்ட கையால் மற்றதைத் தொடக் கூடாது. பொறியில் விழும் பூச்சி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் சாம்பல் கலந்த பழுப்பாக, இறக்கையில் கருந்திட்டுகளோடு இருந்தால்தான் உங்கள் எண்ணிக்கையில் சேரும்.