வளைகுடா வேலைக்கு ஏஜென்சிக்குப் போகுமுன்

முதல் தடவை என் ஃபைல் திரும்பி வந்ததற்குக் காரணம் இனிஷியல். ஐடிஐ சான்றிதழில் ‘கே. குமார்’ மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி, ரெஸ்யூமில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் போட்ட பிறகு ஃபைல் நகர்ந்தது. அனுபவச் சான்றிதழில் லெட்டர்ஹெட், சீல், சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் வேண்டும்.

ரெஸ்யூமில் ‘6ஜி வெல்டர்’ என்று போட்டால் 45 டிகிரி சாய்த்து வைத்த பைப்பில் செய்துகாட்டச் சொல்வார்கள். பைப்பைத் திருப்ப விடமாட்டார்கள். ரூட்டில்தான் (இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டு) பெரும்பாலும் அடிபடும், அதனால் கேப் (மேலே தெரியும் கடைசி வெல்டு) அழகாக வருகிறதே என்று ஏமாறாமல் ரூட்டையே பழகுங்கள். சேஃப்டி ஷூவோடு போங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) தளத்தில் ஏஜென்சியின் லைசென்ஸ் எண்ணைத் தட்டுங்கள். காலாவதி, சஸ்பெண்ட் என்று வந்தால் பஸ் காசு மிச்சம். ‘எங்க ஆபீஸ் ஆளுதான்’ என்று டீக்கடையில் பேசும் சப்-ஏஜெண்டுக்கு லைசென்ஸ் கிடையாது. சட்டப்படி சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. ரசீது தராத இடத்தில் பணமும் வேண்டாம், பாஸ்போர்ட்டும் வேண்டாம். விசா ஸ்டாம்பிங்குக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.