பிரிட்டன் அரசியலுக்குக் கருத்துச் சொல்லுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி 650 இடங்களில் 411ஐப் பிடித்ததும், பிரிட்டன் இடதுபக்கம் சாய்ந்துவிட்டது, அக்கட்சியை வழிநடத்திய கெய்ர் ஸ்டார்மரின் அலை அடித்தது என்றெல்லாம் நம்மூரில் பலர் எழுதித் தள்ளினார்கள். அலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கட்சி வாங்கியது 33.7 சதவீதம், சுமார் 97 லட்சம் வாக்கு. இதே கட்சி 2019இல் ஜெரமி கோர்பின் தலைமையில் மண்ணைக் கவ்வியபோது ஒரு கோடிக்கு மேல் வாங்கியிருந்தது. தோற்றபோது வாங்கிய வாக்கைக்கூட வாங்காமல் ஆட்சிக்கு வந்தது என்பதுதான் நடந்த கதை.

எப்படி என்று புரிய தென்மேற்கு நார்ஃபோக் தொகுதி ஒன்று போதும். அது, அதுவரை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸின் தொகுதி. 2019இல் அவர் 26,195 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024இல் 630 வாக்கில் தோற்றார். ஜெயித்த தொழிற்கட்சிக்காரர் வாங்கியது 26.7 சதவீதம்தான். அப்படியானால் ட்ரஸ்ஸின் வாக்கெல்லாம் எங்கே போயின? நைஜல் ஃபராஜின் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் அங்கே பத்தாயிரம் வாக்கை நெருங்கியது. உள்ளூர் சுயேச்சை ஒருவர் ஆறாயிரத்துக்கு மேல் எடுத்தார். நான்கில் மூன்று பேருக்கு வேண்டாத வேட்பாளர் எம்.பி. ஆனார். நாடு முழுக்க இப்படிப் பல தொகுதிகள்.

இதே தேர்தலில் ரிஃபார்ம் 14.3 சதவீதம் வாங்கி 5 இடம்தான் பெற்றது. லிபரல் டெமாக்ரட் கட்சி 12.2 சதவீதத்துக்கு 72 இடம் அள்ளியது. ரிஃபார்ம் வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. லிபரல் வாக்கு தெற்கு இங்கிலாந்தின் வசதியான தொகுதிகளில் குவிந்திருந்தது. தமிழ்நாட்டில் கட்சிகள் உட்கார்ந்து தொகுதிப் பங்கீடு பேசும். அங்கே அந்த வேலையை வாக்காளர்களே பார்த்துக்கொண்டார்கள்: கன்சர்வேட்டிவ் வேட்பாளரைத் தோற்கடிக்க இங்கே யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்து, சொந்தக் கட்சியை விட்டுவிட்டு மாற்றிக் குத்தினார்கள். இந்தக் கணக்கைப் பார்க்காதவர்களுக்குத்தான், இவ்வளவு பெரிய பெரும்பான்மை உள்ள அரசு முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில் கை வைத்துவிட்டு ஒரு வருடத்துக்குள் ஏன் பின்வாங்கியது என்பது புதிராக இருக்கும். நாடாளுமன்றத்தில் மலைபோல் பலம், வெளியே மூன்றில் ஒரு பங்கு ஆதரவு. எந்த எம்.பி.க்குத்தான் பயம் வராது?

அப்புறம், மக்கள் தேர்ந்தெடுக்காத பிரதமர் என்ற கோபம். ட்ரஸ் ஜெயித்த கட்சித் தலைமைப் போட்டியில் வாக்களித்தது சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கட்சி உறுப்பினர்கள்தான்; அவருக்குப் பின் வந்த ரிஷி சுனக்கை அவர்கள்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை, போட்டியே இல்லாமல் வந்தார். பார்க்க அசிங்கம்தான். ஆனால் சட்டப்படி அந்நாட்டு வாக்காளர் எம்.பி.யைத்தான் தேர்ந்தெடுக்கிறார், பிரதமரை அல்ல. நம்மூர் ஏற்பாடும் அதேதான் என்பதால் இதில் நாம் ஆச்சரியப்படுவது கொஞ்சம் வேடிக்கை.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது 'நம்ம ஆள்' என்ற பாசம். 2022 தீபாவளி சமயத்தில் சுனக் பிரதமரானபோது, இந்தியா பழிதீர்த்துவிட்டது என்ற அளவுக்குப் போனார்கள். அவர் சவுதாம்டனில் பிறந்த கன்சர்வேட்டிவ். ஆக்ஸ்ஃபோர்டு, முதலீட்டு வங்கி வழியாக வந்தவர். அவர் ஆட்சி செய்ததைப் பாருங்கள். 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில தவிர, வெளிநாட்டு மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. மார்ச் முதல் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அதே தடை. ஏப்ரலில் திறன் பணியாளர் விசாவுக்கான சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஏறியது. மனைவியையோ கணவரையோ அழைத்துவர வேண்டிய வருமானம் 18,600இலிருந்து 29,000 ஆனது. மாஸ்டர்ஸ் படிக்கப் போன பையனுக்கும் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் கேரளத்துப் பராமரிப்புப் பணியாளருக்கும்தான் இந்த அடி விழுந்தது. வெளிநாட்டுப் பூர்வீகம் கொண்டு கன்சர்வேட்டிவ் அமைச்சர்களாக இருந்த பிரீத்தி படேல், சுவெல்லா பிரேவர்மன், கெமி பேடனாக் எல்லோரையும் இதே கணக்கில் பாருங்கள். தோல் நிறம் கொள்கையைச் சொல்லாது.

சரி, தொழிற்கட்சி வந்தால் கதவு திறக்கும் என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். 2025 ஜூலையில் அந்தச் சம்பள வரம்பை 41,700 ஆக்கியதும், வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர் எடுப்பதை நிறுத்தியதும் ஸ்டார்மர் அரசுதான்.

குடியேற்றம் என்றதும், பிரான்ஸிலிருந்து கடல் கடந்து வரும் ரப்பர் படகின் படத்தைப் போடுவதையும் விட்டுவிடலாம். படகில் வந்தவர்கள் மிக அதிகமாக இருந்த 2022இலேயே அந்த எண்ணிக்கை சுமார் 46 ஆயிரம். அதே காலத்தில் விசாவோடு, கட்டணம் கட்டி, விமானத்தில் வந்தவர்கள் இதைப்போலப் பல மடங்கு. அரசியல் சத்தம் முழுக்கப் படகைச் சுற்றி. எண்ணிக்கை முழுக்க விமான நிலையத்தில்.

இதோடு ஒட்டி வரும் குழப்பம், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகும் ஐரோப்பிய நீதிமன்றம் ஏன் தலையிடுகிறது என்று கேட்கிறார்கள். இந்த நீதிமன்றத்துக்கும் ஒன்றியத்துக்கும் சம்பந்தமில்லை. அது 1949இல் தொடங்கிய ஐரோப்பிய கவுன்சிலைச் சேர்ந்தது. பிரிட்டன் அதன் நிறுவன உறுப்பினர். ரஷ்யாகூட 2022 வரை அதில் இருந்தது. அந்த நீதிமன்றத்துக்கு அடிப்படையான மனித உரிமை ஒப்பந்தத்தை வரைந்ததில் முக்கியமானவர் டேவிட் மேக்ஸ்வெல் ஃபைஃப் என்ற கன்சர்வேட்டிவ். புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் கன்சர்வேட்டிவ் அரசின் திட்டத்தை 2023 நவம்பரில் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்ததும் ஸ்ட்ராஸ்பூர்க் அல்ல, லண்டனில் உள்ள அந்நாட்டு உச்ச நீதிமன்றமே.

அடுத்தது, 'பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம்' என்ற செய்தி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இது அடிக்கடி வரும். நாடாளுமன்ற இணையதள மனுவில் ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். அது பிரதான அவையில் அல்லாமல், பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் விவாதம் என்ற வகையில் நடக்கும். அங்கே வாக்கெடுப்பு கிடையாது, அரசை எதுவும் கட்டுப்படுத்தாது. 2021 மார்ச் 8 அன்று இந்திய விவசாயிகள் போராட்டம் பற்றி நடந்தது இதுதான். தொகுதியில் பஞ்சாபிகள் நிறைந்த எம்.பி.க்கள் ஆவேசமாகப் பேசினார்கள். வேளாண் சட்டம் இந்தியாவின் உள்விவகாரம் என்று அமைச்சர் பதில் சொல்லி முடித்தார். மறுநாள் டெல்லி பிரிட்டிஷ் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. கொண்டாடியவர்களும் கொதித்தவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள். எம்.பி.க்கள் அன்று பேசியது தங்கள் தொகுதிக்காரர்களிடம்.

இங்கிலாந்தையும் பிரிட்டனையும் மாற்றி மாற்றி எழுதுவது சின்னத் தவறு மாதிரி தெரியும். ஆனால் இங்கிலாந்து பிரிட்டனின் ஒரு பகுதிதான். 2025இல் டாக்டர் சீட்டு மருந்துக்கு 9.90 பவுண்ட் என்பது இங்கிலாந்தில் மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற பிரெக்ஸிட் வாக்கெடுப்பில், இங்கிலாந்து 'வெளியேறுவோம்' என்றபோது ஸ்காட்லாந்து 62 சதவீதம் 'இருப்போம்' என்றது.

கடைசியாக வெளியுறவு. அமெரிக்கா சொன்னால் லண்டன் தலையாட்டும் என்று ஒரே வரியில் முடிப்பவர்கள், 2003இல் அமெரிக்காவோடு சேர்ந்து போன ஈராக் போரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1960களில் வியட்நாமுக்குப் படை அனுப்பப் பிரதமர் ஹரால்ட் வில்சன் மறுத்தார். 2013 ஆகஸ்டில் சிரியா மீதான தாக்குதலை நாடாளுமன்றம் 285க்கு 272 என்று நிராகரித்தது.

அதற்காகச் சுதந்திரமான நாடு என்று ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவு நம்மவர்கள் சம்பந்தப்பட்ட இடம். 2024இல் தீவு பிரிட்டன் கையில், அங்கிருந்த ராணுவத் தளம் அமெரிக்காவுடையது, பூர்வகுடிச் சாகோஸ் மக்கள் 1973க்குள் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன படகு பழுதாகி அங்கே கரையேறிய ஈழத்தமிழர்கள் மூன்று ஆண்டுகள் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் வழக்கை அங்கேயே நடத்த நீதிபதி வர இருந்தபோது, 2024 ஜூலையில் அமெரிக்கா தளத்துக்குள் நுழைய அனுமதி மறுத்தது. விசாரணை செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. டிசம்பரில், அந்தப் பிரிட்டிஷ் ஆட்புலத்தின் நீதிமன்றமே அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பெரும்பாலானவர்கள் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள்.