ஓடையோரக் காட்டுப் பாதையில் மலை சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பலரும் சறுக்குவது திட்டமிடும்போதே. மேட்டில் காரை நிறுத்திவிட்டு ஓடையோடு சேர்ந்து உற்சாகமாக இறங்குகிறார்கள். மாலையில் கால் ஓய்ந்தபின் மொத்த ஏற்றமும் பாக்கி இருக்கும். இரு பக்கமும் மலை மறைப்பதால் பள்ளத்தாக்கில் சீக்கிரமே இருட்டிவிடும். முடிந்தவரை கீழிருந்து ஓடையை எதிர்த்து ஏறி, அதே தடத்தில் இறங்குங்கள். வேர், வழுக்குப் பாறை, தண்ணீர் கடக்கும் இடம் எல்லாம் ஏறும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

ஆடு மாடு போகிற தடம்தானே என்று காப்புக்காட்டுக்குள் நுழையாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம். முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா பக்கம் நினைக்கவே வேண்டாம். தேயிலைத் தோட்டத்துப் பாதை என்றால் எஸ்டேட் ஆபீசில் கேட்டுவிட்டுப் போங்கள்.

தார்ச்சாலைக்கு அடித்த 45 பிஎஸ்ஐ காற்றோடு ஈர வேரில் ஏறினால் டயர் பந்து மாதிரி எகிறும். 70 கிலோ எடை, 2.3 அங்குல டயர், டியூப்லெஸ் என்றால் முன்னால் 22 முதல் 24, பின்னால் 25 முதல் 27 போதும். டியூப் உள்ளவர்கள் 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள். குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில் காற்று அடித்து வந்திருந்தால், மேலே ஏறியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

அதிகம் பேர் விழுவது பிரேக்கால்தான். டயரின் பிடிமானம் ஒன்றே; பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் அதைத்தான் பங்கு போட வேண்டும். ஈர வேரின் மேல் பிடிமானமே கிட்டத்தட்ட இல்லாதபோது பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு, வேர் போகும் திசையில் இழுபடும். அதனால் வேருக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வேரின் மேல் பிரேக்கை முழுதாக விட்டுவிட்டு நேர் குறுக்காகக் கடங்கள். வேர் சாய்வாகக் கிடந்தால் முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி வையுங்கள். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) உரிந்த பட்டையும் இதே ஆபத்துதான். நனைந்து கிடந்தால் காலடியில் உருளும் குழாய் போல. இறக்கத்துக்கு முன் சீட்டை 5 செ.மீ.யாவது தாழ்த்தி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு விரல் போதும். சேறும் மணலும் பிரேக் பேடை வேகமாகத் தின்னும், அதன் தடிமன் 1 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள்.

ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் சக்கர அச்சுக்கு மேல் இருந்தால் ஓட்ட வேண்டாம். பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். இறங்கி, சைக்கிளை நீரோட்டம் போகும் பக்கமாக வைத்துத் தள்ளுங்கள். மறுபக்கம் வைத்தால் தண்ணீர் அதை உங்கள் மேலேயே சாய்க்கும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேல்பக்கம் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். ஓடையில் செயினை டீசலோ சோப்போ போட்டுக் கழுவவே கூடாது. கீழே இருக்கும் ஊர்க்காரர்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் மாதிரித் தாழ்வான இடங்களில் விடியற்காலை உறைபனி படியும்; மரத்தாலான பாலம் கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்த நேரத்தில்தான் காட்டுமாடும் தண்ணீருக்கு இறங்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் வளைவில் நேருக்கு நேர் முட்டும் தூரத்தில் போய் நிற்பீர்கள். காலை 9 மணிக்குப் பிறகு கிளம்பி 4 மணிக்குள் முடியுங்கள். கண் மறைக்கும் வளைவுக்கு முன் மணியடியுங்கள். மாடு கண்ணில் பட்டுவிட்டால் மணி, விசில் எதுவும் வேண்டாம். நின்று, மெதுவாகப் பின்வாங்கி, அது விலகும்வரை காத்திருங்கள்.