வண்டியிலிருந்து விழுந்தவர் மறுபடி வண்டி எடுக்கும் முன்

பைக்கில் சறுக்கி விழுந்து, காறை எலும்பு முறிந்து, கை காலெல்லாம் சிராய்ப்போடு வீடு திரும்பியவருக்கான குறிப்புகள் இவை. காறை எலும்பு என்பது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குறுக்காகத் தட்டுப்படும் எலும்பு. ஆஸ்பத்திரியில் காலர்போன் என்பார்கள். தோள் தரையில் மோதினால் பெரும்பாலும் இதுதான் போகும். தொடை, இடுப்பு, முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு வைத்தியமும் காலமும் வேறு. ஆனால் வண்டியைப் பார்ப்பதும், மறுபடி ஓட்டிப் பழகுவதும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒரு வரிசையை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலி முதலில் போகும். எலும்பு அதற்குப் பிறகு கூடும். கையின் வலு திரும்புவது அதற்கும் பிறகு. வலி போன அன்றே சாவியைத் தேடுகிறவர் பாதி கூடிய எலும்போடு ரோட்டுக்கு வருகிறார்.

முதல் இரண்டு நாள்

ஹெல்மெட் போட்டிருந்தாலும் தலையில் அடிபட்டவரை 48 மணி நேரம் தனியாக விடக்கூடாது. மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கட்டும்போது, ஆள் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்துத்தான் மோசமாவார். திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி வடிவது: இதில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியிருந்தால் வெளியே சின்னத் தடம்தான் தெரியும். இடது விலாவுக்குக் கீழே வலித்து, அடிபடாத இடது தோளுக்கும் அந்த வலி ஏறினால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். அதுவும் அவசரம்தான்.

அடிக்கடி தவறவிடப்படுவது மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றியிருப்பீர்கள். கட்டைவிரலை மேலே விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரமாக ஒரு குழி விழும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே இருக்கும் சின்ன எலும்பின் விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. ‘ஒன்றுமில்லை, சுளுக்கு’ என்று அனுப்பியிருந்தாலும், 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதை விட்டுவிட்டால் எலும்பு கூடாமலே நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போதெல்லாம் வலிக்கும்.

சிராய்ப்பை ஓடும் தண்ணீரில் கழுவி, உள்ளே ஒட்டிய மண்ணும் தார்த் துகளும் போகும்வரை துடைக்க வேண்டும். எரியும்தான். ஆனால் உள்ளே தங்கும் துகள் பிறகு பச்சை குத்தியதுபோல் கருத்து நின்றுவிடும். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். காயவைத்தால் சீக்கிரம் ஆறும் என்பதும் சரியில்லை. ஈரம் காக்கும் காயத்தில்தான் தோல் வேகமாக வளரும். மெடிக்கல் ஷாப்பில் பாரஃபின் தடவிய வலைத்துணி கிடைக்கும். அதை வைத்து, மேலே காஸ் துணி கட்டி, தினமும் மாற்றினால் பிரிக்கும்போது புதுத் தோல் உரிந்து வராது. அழுக்குக் காயம் என்பதால், கடைசியாக டெட்டனஸ் தடுப்பு (டிடி) ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசம். எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி இல்லை. பணம் கட்டும் முன் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வண்டி இன்ஷூரன்ஸோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவாது. அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும். எதிர்வண்டி மேல் இழப்பீடு கேட்பதாக இருந்தால், மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆகவே போலீஸ் புகார் ரசீதை அந்த வாரமே வாங்கி வையுங்கள்.

காறை எலும்பு கூடும் காலம்

பெரும்பாலான காறை எலும்பு முறிவு ஆபரேஷன் இல்லாமலே கூடும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தாலோ, எலும்பு தோலைக் கூடாரம்போல் தூக்கி நின்றாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ பிளேட் வைப்பது பற்றி டாக்டர் பேசுவார்.

கழுத்திலிருந்து கையைத் தாங்கும் கைத்தொட்டிலை (ஸ்லிங்) ஒழுங்காகப் போடுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. முழங்கை தொட்டிலின் மூலையில் நன்றாக உட்கார வேண்டும். விரல் நுனிகள் முழங்கையைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். கை கீழே தொங்கினால் அதன் எடை முழுவதும் முறிந்த இடத்தை இழுக்கும். முதல் இரண்டு வாரம் மல்லாந்து தட்டையாகப் படுக்க முடியாது. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து, சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் படுத்து, அடிபட்ட பக்க முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வையுங்கள். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். டி-ஷர்ட் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

தோள்தான் அசையக்கூடாது, விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே மணிக்கு ஒருமுறை பத்துப் பத்து தடவை மடக்கி நீட்ட வேண்டும். ஒரு மாதம் கட்டிவைத்துவிட்டுப் பிரித்தால், எலும்பு கூடியிருக்கும், முழங்கை நீளாது. டாக்டர் சரி என்றதும், பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில், ஊஞ்சல் பயிற்சி. நல்ல கையை மேஜையில் ஊன்றி, குனிந்து, அடிபட்ட கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக வட்டம் போடும். கையைத் தூக்கிச் சுற்றுவதல்ல இது. குளிக்கும்போது அக்குள் கழுவவும் இதே குனிந்த நிலைதான் வசதி.

ஆறு வாரம் வரை கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், குழந்தை எதையும் அந்தக் கையால் எடுக்க வேண்டாம். ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் புது எலும்பு தெரிந்த பிறகுதான் எடை. சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். இந்தச் சில மாதங்களாவது விட்டுவிடுங்கள். நாட்டுக் கட்டு போட்டுக்கொள்வதென்றாலும் எக்ஸ்ரே எடுக்காமல் போடாதீர்கள். கட்டிய பிறகு விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வேறு ஒருவர் விரலை நீட்டிவிடும்போது உயிர் போவதுபோல் வலித்தாலோ உடனே பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்றால் சதை செத்துப்போகும்.

மூளை அதிர்ச்சி இல்லாத, எலும்பு நன்றாகக் கூடிய ஒருவர் மறுபடி ஓட்டுவதற்கு ஆகும் காலம் 8 முதல் 12 வாரம்.

வண்டியைப் பார்ப்பது

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடுவதாக இருந்தால் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இண்டிகேட்டரும் கண்ணாடியும் போனது கண்ணுக்குத் தெரியும். கவலைப்பட வேண்டியது முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் பைப்புகள். விழுந்த வண்டியில் ஹேண்டில்பார் ஒரு பக்கம் சாய்ந்து, நேராக ஓட்டும்போது ஒரு கை முன்னால் போனதுபோல் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஃபோர்க் அதன் கிளாம்ப்பில், மெக்கானிக்குகள் டி என்பதில், முறுக்கிக்கொண்டிருக்கலாம், இல்லை, ஃபோர்க் பைப்போ டியோ சேஸிஸோ வளைந்திருக்கலாம். முதலாவது அரை மணி நேர வேலை. டி போல்ட், ஆக்ஸில் நட், மட்கார்ட் போல்ட் மூன்றையும் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டிலை நேராக்கி, ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்திவிட்டு இறுக்கினால் போதும். அதற்கும் சரியாகாவிட்டால் ஏதோ வளைந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு நூல்கண்டு போதும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின் டயரின் பின்புறம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நூலைச் சுற்றி, இரண்டு முனைகளையும் இரு பக்கமாக முன் டயரைத் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். நூல் எங்கும் ஸ்டாண்டிலோ சைலன்ஸரிலோ தட்டக்கூடாது. பின் டயரின் முன் விளிம்பை மட்டும் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். இப்போது முன் சக்கரத்தை நேராக்கி, டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இடது வலது கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் முதலில் பின் சக்கரம் செயின் அட்ஜஸ்டரில் கோணலாக நிற்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் வித்தியாசம் தீராவிட்டால் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு டயரும் ஒரே அகலமான சில 100 சிசி வண்டிகளில் இடைவெளி இருக்காது. நூல் இரு பக்கமும் ஒரே மாதிரி உரச வேண்டும்.

கழற்றிய பைப்பை ஒரு கண்ணாடிப் பலகையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். லேத் பட்டறையில் பெண்ட் எடுத்துத் தருவார்கள். லேசான வளைவுக்கு அது சரி. மடிப்பு விழுந்திருந்தாலோ குரோம் சுருங்கியிருந்தாலோ புதுப் பைப்தான் போட வேண்டும். நிமிர்த்திய இடம் அடுத்த பள்ளத்தில் முறியும். அதோடு ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்கையும், அதாவது கோன் செட்டையும் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், குண்டுகள் தடம் பதித்துவிட்டன. மாற்ற வேண்டும்.

அலாய் வீலில் விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம். கியர் லீவர் உள்பக்கம் வளைந்து இன்ஜின் கவரில் தட்டுகிறதா, பிரேக் பெடல் ஃபுட்ரெஸ்ட்டில் சிக்குகிறதா, ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியபோதும் ஆக்ஸிலரேட்டர் விட்டதும் தானாக மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி விழுந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று பதற வேண்டாம். சாய்வு சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும். பல வண்டிகளில் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் போதும்.

ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் மாற்றத்தான் வேண்டும், ஒரு கீறல்தான் என்றாலும். உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி உப்பாது. புதியதில் ஐஎஸ் 4151 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள்.

உடம்பு தயாரா?

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள். சுவரில் கை ஊன்றி 15 தண்டால். தாடை தோள்மேல் வரும்வரை கழுத்தை இரு பக்கமும் திருப்புவது. நின்ற வண்டியில் உட்கார்ந்து 30 தடவை கிளட்ச், 30 தடவை முன் பிரேக். ஹேண்டிலை இரு முனையும் முழுதாகத் திருப்புவது. பிறகு ஒருவரை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளச் சொல்லி, அதை ஹேண்டிலில் தாங்கிப் பாருங்கள். திடீர் பிரேக்கில் உடம்பின் எடை இறங்குவது இப்படித்தான். இதில் எதிலாவது தோளில் சுருக்கென்று குத்தினால் இன்னும் இரண்டு வாரம். கடைசியாக, வண்டியை மெயின் ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பத்தடி தள்ளி, மறுபடி ஏற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ; கிளாசிக் 350 என்றால் 195. முடிந்தால் முதல் மாதத்துக்கு இலகுவான வண்டியைக் கடன் வாங்குங்கள்.

டிரமடால், பிரிகாபலின் போன்ற மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஓட்டக்கூடாது. அவை வலியோடு சேர்த்து விழிப்பையும் குறைக்கும்.

மறுபடி ஓட்டுவது

ஞாயிறு காலை ஆறு மணி, ஊருக்கு வெளியே வீடு கட்டாத லேஅவுட் சாலை. கூட ஒருவர் இருக்கட்டும். முதல் நாள் 20 நிமிடம் போதும். இரண்டாவது கியருக்கு மேல் போகாமல் நேராகப் போய்த் திரும்பி வாருங்கள்; பிறகு லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டு. எட்டு போட முடியாவிட்டால் பெரும்பாலும் கண்தான் காரணம். முன் சக்கரத்தைப் பார்க்கிறீர்கள். அடுத்த வளைவைப் பார்த்தால் வண்டி வரும். மணலைப் பார்த்துக்கொண்டே போனால் வண்டி மணலுக்குத்தான் போகும்.

அடுத்து பிரேக். விழுந்தவர்களில் பலர் தங்களுக்கே தெரியாமல் முன் பிரேக்கைத் தொடுவதை விட்டுவிடுவார்கள். பிரேக் போடும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறுவதால் பின் சக்கரம் லேசாகி, பூட்டி, சறுக்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஒரு செங்கலை வைத்துவிட்டு, 20 கி.மீ. வேகத்தில் வந்து செங்கல் அருகே இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வெடுக்கென்று பிடிக்காமல் பிழிவதுபோல் அழுத்துங்கள். பத்து முறை. பிறகு 30, பிறகு 40. 40இல் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் பத்து மீட்டர் சுற்றி நிற்கும். அதற்கு முன் கை லீவருக்குப் போக ஒரு விநாடி எடுத்தால் அதிலேயே 11 மீட்டர் போய்விடும். அதனால்தான் கடைத்தெருவில் இரண்டு விரல் லீவர் மேலேயே இருக்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் விட்டு விட்டு அழுத்தாமல், நிற்கும்வரை அழுத்திப் பிடியுங்கள்.

விழுந்த காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: வளைவில் ஜல்லி, முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு, ஈர ஜீப்ரா கோட்டின் மேல் பிரேக், வெள்ளை அடிக்காத வேகத்தடை. ‘தலையெழுத்து’ என்று எழுதினால் பழக எதுவும் கிடைக்காது. அந்த இடத்துக்கு முதலில் நடந்து போய்ப் பாருங்கள், பிறகு வேறொருவர் ஓட்டப் பின்னால் உட்கார்ந்து, பிறகு நீங்களே, கூட்டமில்லாத நேரத்தில். லாரி பக்கத்தில் வந்தால் உடம்பு விறைத்து ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது முதல் சில வாரம் சகஜம். மூச்சை வெளியே விட்டு முழங்கையைத் தளர்த்துங்கள். விறைத்த கையோடு வண்டி வளையாது. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, தூக்கமின்மை, ஹாரன் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடுவது நிற்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

பழகிய பாதையில் பகலில் இரண்டு வாரம் ஓடிய பிறகு இரவு. அதன் பிறகு மழை. பின்னால் ஆள் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி: 60 கிலோ ஆள் பின்னால் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது அவர் எடையும் சேர்ந்து புதிதாகக் கூடிய அந்தத் தோளில்தான் சாயும். ஏற்றும் அன்று உங்கள் இடுப்பைப் பிடித்துத் தொங்காமல் பின்கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு ஹெல்மெட் கொடுங்கள்.