குடியம் மலையில் தலையைக் குனிந்து நடக்க வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் (நாங்கள் எஸ்டேட் என்போம்) முப்பத்து நாலு வருஷம் டூல் ரூமில், இரும்பு வெட்டுகிற டூல் பிட்டுக்குச் சாணை பிடித்தவன் நான். ரிடையர் ஆனதும் சொந்தக்காரர்கள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்பினார்கள். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை குடியம் குகைக்குப் போய் வருகிறேன். திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரிக்கு மேற்கே, அல்லிக்குழி மலைக்காட்டுக்குள் இருக்கிறது. மலை என்று சொன்னாலும் பெரிய உயரம் கிடையாது. உச்சியில் நின்று கையை விரித்து போட்டோ எடுக்கிற ஆசை இருந்தால் வேறு மலை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பார்க்க வேண்டியது எல்லாம், ஆதி மனிதன் செதுக்கிய கல் கருவிகள், காலடியில் கிடக்கிறது.

அதற்குக் கண் பழக வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் மனிதன் செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் அத்தாட்சி அதுதான். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கள் 1904-ல் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கைக்கோடரிகளை, அதாவது காம்பு இல்லாமல் கையிலேயே பிடித்து வெட்டுகிற கற்களை, ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பேர், வருஷம் எல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம். முனை, விளிம்பு, பிடி, இந்த மூன்றும் மனதில் பதிந்தால் போதும். நான் முதல் தடவை இதைச் செய்யாமல் போய், காடு முழுக்கக் கூழாங்கல்லாக இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு திரும்பினேன்.

அனுமதி விஷயம். இது காப்புக்காடு. 2018-ல் குரங்கணி தீ விபத்து நடந்த பிறகு, காட்டுக்குள் நடப்பதற்கு விதிமுறைகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ஆரம்பித்த 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். முன்பு ஊர்க்காரர் யாரையாவது கேட்டுக்கொண்டு போவோம். இனி அந்த வேலை வேண்டாம். காட்டுத்தீ பருவத்தில் பாதையை மூடிவிடுவார்கள். எப்படியும் மாசி, பங்குனி வெயிலில் அந்தக் கல்லின் மேல் நடக்க நீங்களே விரும்ப மாட்டீர்கள். என் கணக்கில் மார்கழி, தை இரண்டும்தான் சரியான மாதங்கள். மழை ஓய்ந்திருக்கும், கற்கள் கழுவிவிட்ட மாதிரி நிறம் காட்டும்.

போவது எளிது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற புறநகர் ரயிலில் ஏறி திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பூண்டிக்கு பஸ் பிடிக்கலாம். பூண்டியிலிருந்து குடியத்துக்கு பஸ்ஸை நம்பிக் காலையில் நின்றால் பொழுது போய்விடும். நாலு பேர் சேர்ந்து ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். அந்த ஆட்டோவையே திரும்ப வரச்சொல்லி போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடை கிடையாது.

இப்போது ஷூ. மேலே இருக்கிற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இந்த மலை சாதாரணக் கருங்கல் மலை இல்லை. பத்து கோடி வருஷத்துக்கும் முன்னால் வெள்ளம் உருட்டி வந்து கொட்டிய கூழாங்கற்கள் மணலோடு இறுகிப் பாறையானது. காங்கிரீட் தளத்தை உடைத்தால் ஜல்லி தெரியுமே, அந்த மாதிரி. மழையிலும் வெயிலிலும் அந்தப் பாறை உதிர உதிர, கூழாங்கற்கள் பாதை நெடுகக் கொட்டிக் கிடக்கின்றன. எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு, எல்லாம் உருண்டை. மகன் போட்டுக் கழித்த ரன்னிங் ஷூவை மாட்டிக்கொண்டு போனேன். அடிப்பாகம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது எனக்குத் தெரியும். நடக்கத்தானே போகிறோம் என்று ஓர் அலட்சியம். ஓர் இறக்கத்தில் குதிகாலை ஊன்றினேன். கீழே கொட்டின பால்ரஸ் மேல் கால் வைத்த கதை. கணுக்கால் பிசகி, மீதி தூரத்தை வழிகாட்டித் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன்.

அதனால், கணுக்காலை மூடுகிற, அடியில் ஆழமாகப் பல் வெட்டின ஷூ வேண்டும். அடி சின்னதாக இருக்கட்டும். குதிகாலை முதலில் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் ஒரே நேரத்தில் வையுங்கள், எண்ணெய் சிந்தின ஷாப் ஃப்ளோரில் நடப்பது போல. இறக்கத்தில் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் முழங்கால் தப்பிக்கும். கையில் ஒரு கழி இருந்தால் நல்லது. சுருட்டை விரியன் படுத்திருக்கக்கூடிய நிலம் இது. கல் இடுக்கில் கையை விடாதீர்கள், உட்காருமுன் கழியால் தட்டிப் பாருங்கள். முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட். சூரை முள் வளைந்திருக்கும். பிடித்தால் முன்னால் இழுக்காமல், ஓர் அடி பின்னால் வந்து எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் சட்டை கிழியும்.

போக வர எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடக்கத் தயாராக வாருங்கள். காலை ஏழு மணிக்குள் நடக்க ஆரம்பித்தால் இரண்டு லாபம். ஒன்று, வெயில். இன்னொன்று, சாய்ந்த வெளிச்சம். எந்தப் பொருளின் மேற்பரப்பையும் சோதிக்க விளக்கைப் பக்கவாட்டில் பிடிப்போம். அப்போதுதான் கீறலும் குழியும் நிழல் காட்டும். காலைச் சூரியன் அந்த வேலையைச் சும்மா செய்து தருகிறது. உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கல்லை எப்படிப் பார்ப்பது? இங்கே கிடப்பவை பெரும்பாலும் குவார்ட்சைட் என்கிற கெட்டியான கல். உருண்டு வந்த கல்லின் தோல் மழமழப்பாக, கொஞ்சம் மங்கலாக இருக்கும். அந்தத் தோல் எங்காவது பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் உடைந்திருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை; மேலிருந்து விழுந்திருக்கும், மாடு மிதித்திருக்கும். கிளிஞ்சலின் உள்பக்கம் மாதிரி ஆழமில்லாத குழிகள் அடுத்தடுத்து வரிசையாக, ஒரு விளிம்பை நோக்கி இறங்கினால் நில்லுங்கள். அதன் மறுபக்கத்திலும் அதே விளிம்பை நோக்கிக் குழிகள் இருந்தால், அது தானாக உடைந்த கல்லாக இருப்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு என்று மாற்றி மாற்றி அடித்து விளிம்பு எடுத்திருக்கிறார். அடிப்பாகத்தில் பழைய தோலை அப்படியே விட்டிருப்பார், உள்ளங்கையைக் கிழிக்காமல் இருக்க. நாங்கள் ஃபைலுக்குக் கைப்பிடி போடுவதும் இதற்குத்தான். இந்த வகைக் கருவிகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் 'மெட்ராஸ் கைக்கோடரித் தொழில்மரபு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, அம்பத்தூருக்கு முந்தைய எஸ்டேட் இதுதான்.

எடுத்துக்கொண்டு வரக் கூடாது. பழம்பொருள்களுக்கு 1972-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஜிக்கிலிருந்து (வேலை செய்யும் பொருளை அசையாமல் பிடித்துவைக்கிற சட்டம்) கழற்றின ஜாப் மாதிரி, இடத்தை விட்டு நகர்ந்த கல்லிடம் அப்புறம் எதையும் அளக்க முடியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள், அளவு தெரியும். நாணயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். போன தை மாதம் நான் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டி வந்த ஓர் அம்மா, "இன்னா சார், கல்லுல இன்னா கீது?" என்றார். கத்தி என்றேன். "எங்க வூட்டு அருவாமனைக்கு இந்தக் கல்லுலதான் தீட்டுறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குகை என்றால் இருட்டுப் பொந்து என்று எண்ணாதீர்கள். முன்பக்கம் திறந்த பெரிய பாறைக் கூரை. நிழலுக்குள் போனதும் உடம்பு சில்லென்று ஆகும். இங்கேதான் முதல் தடவையாக மேலே பார்க்க வேண்டும்: கூரை முழுக்கக் கூழாங்கற்கள் பதிந்து, எப்போது விழும் என்று காத்திருப்பது போல இருக்கும். சில விழவும் செய்யும். விளிம்புக்கு நேர் கீழே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பாறையில் தேன்கூடு தொங்கினால் சத்தம், புகை, சென்ட் எதுவும் கூடாது. உள்ளே ஊர்க்காரர்கள் கும்பிடும் அம்மன் இருக்கிறாள், அங்கே ஷூவைக் கழற்றுங்கள். 1962-லிருந்து 64 வரை இந்தியத் தொல்லியல் துறைக்காக கே.டி. பானர்ஜி இங்கே அகழ்வு செய்தார். ஃபூட்டும் இந்தக் குகைகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

திரும்பும் வழியில் பூண்டியில் இறங்கி, தமிழ்நாடு தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தையும் ஃபூட்தான் 1863-ல் கண்டுபிடித்தார். அங்கே தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்த கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வருஷம் வயது என்று 2011-ல் தெரியவந்தது. காலையில் காட்டில் பார்த்த விளிம்புகள் மனதில் இருக்கும்போது அந்த எண்ணைப் படித்தால் அது வெறும் எண்ணாக இருக்காது. ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம். 1944-ல் கட்டி முடித்த இந்த ஏரியின் தண்ணீரையும்தான் சென்னையில் குடிக்கிறோம்.

திருவள்ளூரில் நாலு மணி வாக்கில் ரயில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஏறுமுன் பிளாட்பாரத்தில் ஷூவைக் கழற்றி உதறிவிடுங்கள். பேன்ட் மடிப்பையும்தான்.