பிளாஸ்மா மாற்றும்போது நோயாளியின் கண்ணைப் பாருங்கள்

ஐசியுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சி, தம்பிமாருக்கு எழுதுகிறேன். மெஷின் பூட்டுவது செய்யச் செய்யக் கைக்கு வந்துவிடும். பேச முடியாத நோயாளியிடம் கேட்டறியத்தான் பொறுமை வேண்டும்.

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு வயிற்றோட்டம். அது மாறிப் பத்தாம் நாள் கால் சோர்ந்து, பிறகு கையும் சோர்ந்து, மூச்சு குறைந்து வென்டிலேட்டரில் போட்டோம். ஜிபிஎஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் கில்லன்-பாரே நோய். நரம்பைத் தாக்கும் அன்டிபொடிகள் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருப்பதால் அதை மெஷினால் எடுத்துவிட்டு, பதிலுக்கு அல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றுகிறோம். வழமையாக ஒன்றுவிட்ட ஒரு நாளாக 5 தடவை.

தொடங்க முன் நோயாளியின் பிளாஸ்மா எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்: எடையை 0.065ஆல் பெருக்கி, அதில் பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) சதவீதத்தைக் கழியுங்கள். 60 கிலோ, பிசிவி 40% என்றால் 2.34 லீற்றர். வைத்தியர் எழுதிய அளவு அல்புமின் முழுதும் கட்டிலடிக்கு வந்த பிறகே தொடங்குங்கள். டிடிபி (சிறு இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து தட்டணு குறையும் நோய்) நோயாளிக்கு எஃப்எஃப்பிதான் (உறையவைத்துச் சேமித்த, தானம் பெற்ற பிளாஸ்மா) ஏற்றுவோம். அதை உருக்க நேரமெடுக்கும், இரத்த வங்கிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மருந்து நேரத்தில் நான் ஒருமுறை பிழை விட்டேன். காலை 8 மணி செஃப்ட்ரியாக்சோன் அன்டிபயோட்டிக்கைக் கொடுத்து, அரை மணியில் மெஷினையும் ஓடவிட்டேன். புரதத்தோடு ஒட்டும் மருந்து பிளாஸ்மாவோடு வெளியே போய்விடும் என்று வைத்தியர் விளக்கியபோது மனம் துடித்துப் போனது. அன்றிலிருந்து மருந்துச் சீட்டோடு போய், எதை முடிந்த பிறகு கொடுப்பது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். ஐவிஐஜி (நரம்பு வழியாக ஏற்றும் அன்டிபொடி மருந்து) கொடுத்திருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் கழுவுப்பட்டுப் போகும்.

இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கல்சியத்தைப் பிடித்துவிடும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் விறுவிறுப்பு வரும். பேசக்கூடியவர் சொல்லிவிடுவார். தொண்டையில் குழாயோடு கை கால் அசையாமல் கிடப்பவர் என்ன செய்வார்? ஜிபிஎஸ்ஸில் முகமும் சோர்ந்து கண் மூட முடியாமல் போகலாம், ஆகவே இமையை நம்பாதீர்கள். கருவிழி பெரும்பாலும் அசையும். மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை என்று தொடங்க முன்னரே பேசிவையுங்கள்.

அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "புள்ள, இவருக்கு நாம கதைக்கிறது விளங்குதா?" என்று கேட்டா. "எல்லாம் விளங்கும் அக்கா, நீங்க கதைங்க" என்றேன். கட்டிலுக்கு மேலால் நமக்குள் கதைக்கும்போதும் இது நினைவிருக்கட்டும்.

மூன்றாம் தடவை, பிரஷர் நன்றாக இருந்தது, மெஷினிலும் அலாரம் இல்லை. வாயோரம் குனிந்து, "உதடு விறுவிறுக்குதா ஐயா?" என்றேன். கருவிழி மெல்ல மேலே போனது. ஓட்டத்தைக் குறைத்து வைத்தியரைக் கூப்பிட்டேன். இரத்தத்தில் அயனைஸ்ட் கல்சியம் (எதோடும் ஒட்டாமல் வேலை செய்யும் கல்சியம்) குறைந்திருந்தது. அவர் சொன்னபடி 10% கல்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலீற்றரை வேறு லைனில் மெதுவாக ஏற்றினோம். எஃப்எஃப்பி போகும் லைனில் கல்சியத்தைக் கலக்கவே கூடாது. திரும்பக் கேட்டேன். கருவிழி கீழே வந்தது.

பிரஷர் சட்டென்று விழுவது, குளிர் நடுக்கம், எஃப்எஃப்பி என்றால் தடிப்பு, இவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு கழுத்துக் கதீற்றரடியில் இரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். அல்புமினில் உறையவைக்கும் காரணிகள் இல்லை. அன்றே கதீற்றர் கழற்றச் சொன்னால், கிளொட்டிங் ரிப்போர்ட் வரும்வரை கை வைக்காதீர்கள்.